அரைவாசியார்

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. அவருடைய பிள்ளைகள் இப்போது எங்கேயோ நல்லாயிருக்கிறார்கள், தகப்பனுக்காக அவர்கள் தலைகுனிய வேண்டாம். ஊரில் முகத்துக்கு முன்னால் அவரைச் ‘செயலாளர்’ என்றும் முதுகுக்குப் பின்னால் ‘அரைவாசியார்’ என்றும் சொல்வார்கள். இரண்டாவது பெயரும் அவர் காதில் விழுந்துதான் இருந்தது. கோபிக்கமாட்டார். “அரைவாசியெண்டாலும் ‘யார்’ போட்டுத்தானே சொல்லுறாங்கள்” என்று சிரிப்பார்.

சுருட்டில் பாதியைப் புகைத்துவிட்டு மீதியை அணைத்துக் காதில் செருகி வைப்பது அவருடைய வழக்கம். தேத்தண்ணி கொடுத்தால் பாதியைக் குடித்துவிட்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவார். பக்கத்தில் ஒருவரும் இல்லாவிட்டால் மீதி அப்படியே ஆறிக் கிடக்கும். கொடிகாமம் சந்தையில் வெங்காயக்காரி என்ன விலை சொன்னாலும் அதில் சரிபாதியைக் கேட்பார். ஒருநாள் ஒருத்தி பொறுக்கமாட்டாமல், “அப்ப அரைவாசி வெங்காயத்தைக் கொண்டு போங்கோ அண்ணை” என்று சொல்லிவிட்டாள். அவருக்குப் பெரிய சந்தோசம். “பாத்தியோ பிள்ளை, பேசித் தீர்த்தாச்சு” என்று அரைவாசி வெங்காயத்தோடு வீட்டுக்கு வந்தார். மனைவி பிடித்த பேச்சு எங்கள் வேலிவரை கேட்டது.

அவர் கரவெட்டிப் பக்கத்து ஆள். கொடிகாமத்துக்குக் கிட்டக் கலியாணம் செய்து அங்கேயே தங்கியவர். முன்னொரு காலத்தில் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர் சங்கச் செயலாளராக இருந்தார். சண்டையில் தொழிற்சாலை பூட்டுப்பட்ட பிறகும் செயலாளர் என்ற பட்டம் மட்டும் கழலவில்லை. அங்கே நடந்த ஒரு வேலைநிறுத்தத்தைப் பற்றி அவர் சொல்லாத நாள் கிடையாது. கேட்டதில் பாதியை வாங்கிக் கொடுத்தாராம், ஆட்கள் தோளில் தூக்கி வைத்து ஆடினார்களாம். அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்றுதான். “மேசையை விட்டு முதல் எழும்பினவன் தோத்தான். நான் ஒருநாளும் ஒப்பந்தம் இல்லாமல் எழும்பினதில்லை” என்பார்.

உண்மைதான், எழும்பமாட்டார். எங்கள் ஒழுங்கையில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு வேலிச் சண்டை. எல்லையில் ஒரு பனை நின்றது. கத்தி எடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது. அரைவாசியார் காலையில் போய் நடுவில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு குந்தியவர், பொழுது சாய்ந்துதான் எழும்பினார். பனையின் ஓலை அண்ணனுக்கு, காய் தம்பிக்கு. ஓலை வெட்ட ஏறுகிறவன் காயைத் தொடக் கூடாது. இரண்டு பேரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். “ரெண்டு பேருக்கும் பிடிக்கேல்லை எண்டால் தீர்ப்புச் சரி” என்று காதிலிருந்த பாதிச் சுருட்டை எடுத்துப் பற்றவைத்தார்.

நாங்கள் வடமராட்சிக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து போய், அவருடைய காணிக்குப் பக்கத்தில் கொட்டில் போட்டிருந்தோம். நானும் இவரும் இவரைப் பெற்ற மாமியும். ‘இவர்’ என்று நான் எழுதினால் என் கணவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பேர் சொல்லிப் பழக்கமில்லை, இனிப் பழகவும் வேண்டாம். ஒரே கொட்டிலில் இரண்டு பெண்கள் என்றால் அடுப்படியில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மாமி வைத்த குழம்பில் நான் உப்பைக் கூட்டுவேன், நான் வைத்ததில் மாமி தண்ணீரை ஊற்றுவா. கடைசியில் அரைவாசியார்தான் வந்து தீர்த்துவைத்தார். காலை அடுப்பு எனக்கு, பின்னேர அடுப்பு மாமிக்கு. ஒருவர் சட்டியை மற்றவர் திறந்தும் பார்க்கக் கூடாது. அதன்பிறகு எங்கள் கொட்டிலில் சத்தம் அடங்கியது. அந்த விஷயத்தில் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது உண்மை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி. தொண்ணூற்றைந்தில் இராணுவம் முன்னேற, வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்துகொண்டு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது, கோப்பாய்ச் சனம், சுன்னாகத்துச் சனம் என்று மரத்துக்கு மரம் ஆட்கள் நின்றார்கள். அரைவாசியார் வீடு வீடாகப் போனார். “அரைவாசி வீட்டைக் குடுங்கோ, அரைவாசிக் கிணத்தைக் குடுங்கோ” என்று படலையில் நின்று கேட்டார். முழுவதையும் கேட்டிருந்தால் ஒருவரும் கொடுத்திருக்கமாட்டார்கள். பாதி கேட்டதால் கொடுத்தார்கள். எத்தனையோ குடும்பம் அவருடைய பாதியில் படுத்து எழும்பியது. அந்த நாட்களில் நான் அவரோடு கதைக்கிறதில்லை. வந்தவர்களுக்குச் சோறு கொடுத்தேன், அவர் பக்கம் திரும்பவில்லை.

ஏன் என்றுதான் சொல்ல வருகிறேன்.

அதற்கு இரண்டு மூன்று வருடங்கள் முந்தின கதை. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டு, குடாநாட்டை விட்டு வெளியே போகக் கிளாலிக் கடல்நீரேரி ஒன்றுதான் வழியாயிருந்தது. இருட்டினபின் படகுகள் சனத்தை ஏற்றிக்கொண்டு அக்கரை போகும், விடியுமுன் திரும்பும். ஓர் இரவில் இரண்டு நடை. நடுவில் கடற்படையின் பீரங்கிப் படகு வரும், வெடி வரும். படகுகளை வைத்திருந்தவர்கள் சம்மாட்டிமார். ஓட்டினவர்கள் ஓட்டிமார். இவரும் ஒரு ஓட்டி. பெருங்கடலில் வலை போட்ட மனுசன், கடலுக்குப் போகத் தடை வந்தபின் வேறு வழியில்லாமல் கிளாலிக்கு வந்தவர்.

இவரைப் பற்றி இரண்டு வசனம். காற்றை மூக்கால் பார்த்துச் சொல்லுவார். ஆனால் நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கமாட்டார். படிக்கிற காலத்தில் விடை தெரிந்தாலும் கை உயர்த்தாத பிள்ளை என்று மாமி சொல்லுவா.

ஒருநாள் ஓர் ஓட்டி செத்துப்போனான். வேண்டாம், இன்றைக்குச் சரியில்லை என்று அவன் சொல்லியும், போகாவிட்டால் படகை வேறு ஆளிடம் கொடுப்பேன் என்று சம்மாட்டி வெருட்டி அனுப்பியிருக்கிறார். அடுத்தநாள் ஓட்டிமார் எல்லாரும் படகுகளைக் கரையில் இழுத்து ஏற்றிவிட்டுச் சும்மா இருந்தார்கள். சேவை நின்றது. இரண்டு கரையிலும் சனம் குவிந்தது. நோயாளிகள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், வெளிநாடு போகவெனக் கொழும்புக்கு ஏஜென்சியிடம் போகிறவர்கள். எல்லாரும் ஓட்டிமாரைத்தான் திட்டினார்கள், சம்மாட்டிமாரை ஒருவரும் திட்டவில்லை. பேச்சுவார்த்தைக்கு ஆள் வேண்டும் என்றபோது ஓட்டிமாருக்குச் செயலாளரைத் தவிர வேறு யாரைத் தெரியும்?

கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் பின்னால், வெறும் சாக்குகள் அடுக்கின அறையில் மேசை போட்டார்கள். ஒரு பக்கம் சம்மாட்டிமார், மறுபக்கம் அரைவாசியாரும் ஓட்டிமாரும். பெண்கள் நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். யன்னலால் எல்லாம் கேட்டது.

ஓட்டிமார் கேட்டது மூன்று. மிதக்கிறதற்கு ஆளுக்கொரு லொறி ரியூப். படகுக்கு ஒரு மாற்று என்ஜின். மூன்றாவதுதான் உயிர்: ஓட்டி ‘மாட்டன்’ என்றால் அந்தப் படகு கடலில் இறங்கக் கூடாது. காரணம் கேட்கக் கூடாது, படகைப் பறிக்கவும் கூடாது.

ரியூப் ஆளுக்கொன்று என்றது இரண்டு பேருக்கு ஒன்று என்று முடிந்தது. மாற்று என்ஜினும் அப்படித்தான். இரண்டு படகுக்கு ஒன்று, கிழமை மாறிக் கிழமை. எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு ஓட்டியின் மனைவி, “நடுக்கடலிலை என்ஜின் நிண்டால், இந்தக் கிழமை என்ரை முறையில்லை எண்டு சொல்லுறதோ?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

மூன்றாவதுக்கு வந்தபோது மூத்த சம்மாட்டி மேசையில் குத்தினார்.

“ஒருத்தன் பெண்டிலோடை சண்டை பிடிச்சிட்டு வந்து மாட்டன் எண்டுவான். அதுக்கு நோயாளியள் கரையிலை கிடந்து சாகிறதோ? எல்லா ஓட்டியும் சேர்ந்து மாட்டன் எண்டால் சொல்லுங்கோ, நாங்களும் படகை விடமாட்டம்.”

“எல்லாரும் எண்டால் ஏலாது,” என்றார் அரைவாசியார்.

“ஒருத்தன் எண்டால் எங்களுக்கு ஏலாது. நான் எழும்பிறன்.”

மூத்த சம்மாட்டி உண்மையாகவே கதிரையைப் பின்னால் தள்ளினார். அரைவாசியாருடைய முகம் அந்த நேரத்தில் மாறினதை நான் யன்னலால் பார்த்தேன். பயமில்லை. கடையைப் பூட்டுகிறவன் முன்னால் காசோடு நிற்கிற பிள்ளையின் முகம்.

“இருங்கோ, இருங்கோ. ஒருத்தன் எண்டால் உங்களுக்குக் கஷ்டம். எல்லாரும் எண்டால் எங்களுக்குக் கஷ்டம். கரையிலை நிக்கிற ஓட்டிமாரிலை அரைவாசிப்பேர் மாட்டன் எண்டு கை உயத்தினால் அண்டைக்குப் படகு இல்லை. குறைஞ்சால், எல்லாரும் போகவேணும். என்ன சொல்லுறியள்?”

ஓட்டிமாரில் வயதில் குறைந்த ஒருவன் எழும்பினான். “அண்ணை, உது பிழை. கடலிலை எனக்குத் தெரியிற பயம் பக்கத்து ஆளுக்குத் தெரியாது. படகிலை என்ஜின் பிடிக்கிறவன் நான். நான் மாட்டன் எண்டால் மாட்டன்தான்.”

“தம்பி, கொஞ்சம் விட்டுக்குடுத்தால்தான் கொஞ்சம் கிடைக்கும்.”

“மாட்டன் எண்டதிலை எப்பிடியண்ணை கொஞ்சத்தை விட்டுக்குடுக்கிறது?”

அரைவாசியார் தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். வெளியே சனம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் யன்னலுக்குக் கிட்ட வந்து, “நாசமாப் போவாங்கள், கெதியா முடியுங்கோடா” என்று திட்டினார். ஓட்டிமார் களைத்திருந்தார்கள். கையெழுத்து வைத்தார்கள்.

இவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “நீங்கள் ஏன் ஒண்டும் கதைக்கேல்லை?”

“எல்லாரும் கதைக்கினம்தானே எண்டு விட்டிட்டன்.”

“கை உயத்தச் சொல்லுறாங்கள். நீங்கள் உயத்துவியளோ?”

“வேண்டிய நேரம் உயத்துவன்,” என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

சேவை திரும்பத் தொடங்கியது. செயலாளருக்குச் சங்கக்கடை வாசலில் வடையும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். அவர் பாதி வடையைத் தின்றுவிட்டு மீதியை என் கையில் வைத்தார். நானும் தின்றேன்.

கொஞ்ச நாட்கள் சிக்கலில்லை. கடல் பிழையென்றால் எல்லாருக்கும் பிழை, சரியென்றால் எல்லாருக்கும் சரி. கை எண்ணவே தேவை வரவில்லை. பிறகு பறுவம் நெருங்கியது. நிலவு பகல் மாதிரி அடிக்கிற காலம், தண்ணீரில் ஒரு தேங்காய் மிதந்தாலும் தூரத்துக்குத் தெரியும். அன்றைக்கு மத்தியானமே இவர் சொல்லிவிட்டார்: “இண்டைக்குக் கூடாது. மாட்டன் எண்டுதான் சொல்லப்போறன்.” எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பின்னேரம் சோற்றுப் பொதியோடு நானும் கரைக்குப் போனேன். இவர் கை உயர்த்துகிறதைப் பார்க்கத்தான் போனேன்.

எட்டு ஓட்டிமார் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவனுக்குக் காய்ச்சல். ஏழு பேர் நின்றார்கள். எண்ணிச் சாட்சி சொல்ல ஒப்பந்தப்படி அரைவாசியாரும் வந்து ஒரு கவிழ்த்த பெட்டியில் இருந்தார். மூத்த சம்மாட்டி கேட்டார்: “ஆர் மாட்டன் எண்டுறியள்?”

மூன்று கைகள் உயர்ந்தன. அன்றைக்குச் சங்கக்கடை அறையில் எழும்பிக் கதைத்த பொடியனின் கை எல்லாவற்றுக்கும் மேலே நின்றது.

நான் இவரைப் பார்த்தேன். இவர் சனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முன்னுக்கு ஒரு தாய், மடியில் காலுக்குக் கட்டுப்போட்ட ஒரு பெண்பிள்ளை. அந்தத் தாய் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், இவருடைய படகில் ஏறச் சொல்லியிருந்தார்கள் போல. இவருடைய கை எழும்பியது. தோளுக்கு வந்தது, காதுவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

“மூண்டு கைதான்,” என்றார் சம்மாட்டி.

“நாலு!” என்று நான் கத்தினேன். “எங்கடை ஆளின்ரை கையைப் பாருங்கோ!”

“பொம்பிளையள் ஒப்பந்தத்திலை இல்லை. உது கையோ? அவன் காது சொறியிறான்.”

கரையில் சிரிப்பு. அரைவாசியார் எழும்பி இவருக்குக் கிட்ட வந்தார். “தம்பி, உது கைதானே?”

இவர் சொன்னார்: “நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ அண்ணை.”

இந்தப் பதிலை இவ்வளவு வருடமாகியும் என்னால் விழுங்க முடியவில்லை. ‘ஓம்’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் பெரியவர் ஒருவர் முன்னால் நிற்கிறபோது முடிவை அவர் வாயில் விடுவதுதான் மரியாதை என்று வளர்ந்துவிட்டோம். வெற்றிலைத் தட்டை நீட்டுகிற மாதிரி உயிரை நீட்டுவோம், எடுக்கிறவர் எடுக்கட்டும் என்று.

அரைவாசியார் கணக்குப் பார்த்தார். வாய்விட்டே பார்த்தார். “ஏழிலை அரைவாசி மூண்டரை. மூண்டு முழுக்கை, ஒரு அரைக்கை. அப்ப…” என்று இழுத்தார். வாழ்நாள் முழுக்கப் பாதியைத் தெய்வமாக வைத்துக் கும்பிட்ட மனுசன். அன்றைக்கு அந்தப் பாதியை முழுசாக நம்பியிருந்தால் போதும், கணக்குச் சரி, படகு இல்லை.

“அரைக்கைக்கு நான் படகை நிப்பாட்டிறதோ? அப்ப ஒப்பந்தமும் இல்லை, ஒண்டும் இல்லை,” என்று சம்மாட்டி நடக்கத் தொடங்கினார்.

“இருங்கோ, இருங்கோ,” என்றார் அரைவாசியார். “மூண்டு பேரும் நிக்கட்டும். மற்ற மூண்டு பேரும் ரெண்டு நடையும் போகட்டும். தம்பி அரைக்கைதானே உயத்தினது? அவர் ஒரு நடை மட்டும் போகட்டும். என்ன தம்பி?”

இவர் தலையாட்டினார். சம்மாட்டியும் தலையாட்டினார். அரைவாசியார் காதிலிருந்த சுருட்டை எடுத்தார்.

இவர் சோற்றுப் பொதியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “ஒரு நடைதானே. போட்டு வாறன்” என்றார்.

அந்த ஒரு நடையில்தான் போனார். விடிய மற்ற ஓட்டிமார் வந்து சொன்னார்கள். என்ஜின் நின்று, அதன்பிறகு வெடி வந்தது என்றார் ஒருவர். வெடிக்குப் பிறகுதான் என்ஜின் நின்றது என்றார் இன்னொருவர். மாற்று என்ஜின் அந்தக் கிழமை மற்றப் படகின் முறை. சனத்தில் சிலரை ரியூபோடு இழுத்து ஏற்றினார்களாம். கட்டுப்போட்ட பிள்ளை தப்பிவிட்டது, தாய் இல்லை. இவரைக் காணவில்லை. உடலும் வரவில்லை. கடற்படைக்காரர் தண்ணீரிலிருந்து யாரையோ பிடித்து ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். பிறகு அவரே, சரியாகத் தெரியாது என்றார்.

நாட்கள் போயின. செத்தவருக்கான அந்தியேட்டிக் கிரியை செய்ய வேண்டும் என்றா மாமி. பெற்ற பிள்ளை கரையேறாமல் அலையக் கூடாது என்று அழுதா. உடலைக் காணாமல் நான் எதற்கும் சம்மதிக்கவில்லை. அழுகை சண்டையாகி, சண்டை ஒழுங்கைக்கு வந்துவிட்டது. மாமி யாரைக் கூப்பிட்டிருப்பா?

ஒரு காலையில் அரைவாசியார் வந்து எங்கள் கொட்டிலில் இருந்த ஒரே கதிரையில் இருந்தார். மெலிந்துபோயிருந்தார். கண் கலங்கித்தான் இருந்தது, அது நடிப்பில்லை. அதற்காக நான் இரங்கவில்லை.

“பிள்ளை, மாமி சொல்லுறதிலையும் ஞாயம் இருக்கு. நீ சொல்லுறதிலையும் ஞாயம் இருக்கு,” என்று தொடங்கினார்.

“அந்தியேட்டியைச் சுருக்கமாச் செய்வம். தாலி கழுத்திலை கிடக்கட்டும், அதை ஒருத்தரும் கேக்கேலாது. பொட்டை மட்டும் அழி. நாளைக்கு ஆள் வந்திட்டால் திரும்ப வைக்கிறதுக்கு என்ன?”

“மாட்டன்,” என்றேன்.

“வெளியிலை போகேக்கை மட்டும் வையாமல் விடன். வீட்டுக்குள்ளை வை.”

“மாட்டன்.”

“ஏதாவது கொஞ்சம் விட்டுக்குடு பிள்ளை.”

“மாட்டன் அண்ணை.”

அவர் எழும்பவில்லை. வெயில் ஏறியது. மாமி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தா. பாதி குடித்துவிட்டு மீதியை மாமியிடம் நீட்டினார், மாமி வாங்கவில்லை. நான் வாசலில் அப்படியே நின்றேன். கடைசியில் எழும்பினார். படலைவரைக்கும் போய்த் திரும்பி, “யோசிச்சுச் சொல்லு” என்றார். நான் யோசிக்கவில்லை. மாமி தன் தம்பி வீட்டுக்குப் போய் அந்தியேட்டியைச் செய்துகொண்டா, நான் போகவில்லை.

இன்றைக்கும் பொட்டு வைக்கிறேன். பெரிதாக, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி. இன்னும் மனுசன் வருவான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள் பாவம் என்று என் காதுபடவே கதைக்கிறார்கள். நம்பிக்கை எனக்கு எப்போதோ விட்டுப்போய்விட்டது. கோபத்தில்தான் வைக்கிறேன்.